கையைத் தடுக்கும் சட்டம், மனத்தைத் தடுக்கும் கல்வி

 



பிறப்புச் சான்றிதழ் வாங்க ஒரு தொகை. இறப்புச் சான்றிதழ் வாங்க ஒரு தொகை. இடையில் பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, மின் இணைப்பு, வேலை நியமனம் என்று மனிதன் நடக்கும் வழியெல்லாம் கை நீட்டுவோர் சிலர் அமர்ந்திருக்கின்றனர். நேர்மையான அலுவலர்கள் இல்லை என்று நாம் சொல்லவில்லை. அவர்கள் இருப்பதால்தான் இந்நாடு இன்னும் நிற்கிறது. ஆயினும் கை நீட்டுவோர் இருப்பதால் கொடுப்போர் பெருகுவதும், கொடுப்போர் இருப்பதால் நீட்டுவோர் பெருகுவதும் நாம் அன்றாடம் காணும் உண்மை.

இந்நோய்க்கு மருந்து என்ன என்று கேட்டால் மக்கள் இரு அணியாகப் பிரிந்து விடுகின்றனர். சட்டம் கடுமையாக இருந்தால் எவனும் வாங்க மாட்டான் என்பது ஓர் அணி. மனிதன் திருந்தாமல் சட்டம் என்ன செய்யும், கல்விதான் வேண்டும் என்பது மற்றோர் அணி. இவ்விரண்டில் எது சரி? இஸ்லாமிய வரலாற்றைப் புரட்டினால், இந்தக் கேள்வியே தவறு என்பது தெரிய வருகிறது. சட்டம் கையைத் தடுக்கிறது. கல்வி மனத்தைத் தடுக்கிறது. கை மட்டும் கட்டப்பட்டால் மனம் வேறு வழி தேடும். மனத்திற்கு மட்டும் உபதேசம் செய்துவிட்டுக் கையை அவிழ்த்து விட்டால், பலவீனமான மனிதன் ஒரு நாள் வழுக்கி விழுவான். இரண்டையும் ஒருசேரச் செய்தவர்களின் வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம்.

மிம்பரில் கேட்கப்பட்ட கணக்கு

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அஸ்து குலத்தைச் சேர்ந்த இப்னுல் லுத்பிய்யா என்பவரை, பனூ சுலைம் கோத்திரத்தாரிடம் ஜகாத் வசூலித்து வர அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்ததும் நபியவர்கள் அவரிடம் கணக்குக் கேட்டார்கள். அவர் கொண்டு வந்ததை இரண்டாகப் பிரித்து வைத்தார். ஒரு பங்கு உங்களுக்குரியது, மற்றொரு பங்கு எனக்கு அன்பளிப்பாகத் தரப்பட்டது என்றார். அவர் எதையும் மறைக்கவில்லை, திருடவுமில்லை. மக்கள் விரும்பிக் கொடுத்தார்கள், வாங்கிக் கொண்டேன் என்பதே அவருடைய எண்ணம்.

நபி (ஸல்) அவர்கள் அதை ஏற்கவில்லை. நீர் உம் தந்தை வீட்டிலோ தாய் வீட்டிலோ உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு உம்மைத் தேடி வந்திருக்குமா என்ற கருத்தில் கேட்டார்கள். பிறகு மிம்பரில் ஏறி, அம்மனிதரின் பெயரைச் சொல்லாமல், நாம் அனுப்பும் ஊழியர் ஒருவர் இப்படிச் சொல்வது எவ்வாறு தகும் என்று மக்கள் அனைவருக்கும் விளங்க உரையாற்றினார்கள். முறையற்று எடுத்த பொருளை மறுமை நாளில் அவரவர் தம் கழுத்தில் சுமந்து வரவேண்டியிருக்கும் என்று எச்சரித்தார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் இந்நிகழ்ச்சி பதிவாகியுள்ளது.

இதில் இரண்டு செயல்கள் இருப்பதைக் கவனியுங்கள். வசூலித்து வந்தவரிடம் கணக்குக் கேட்டது சட்டம். பதவியின் காரணமாக வரும் அன்பளிப்பு அன்பளிப்பாகாது என்று வரையறுத்ததும் சட்டம். ஆனால் விஷயம் அந்த ஒருவரோடு முடிந்துவிடவில்லை. பள்ளிவாசலில் கூடியிருந்த அத்தனை பேருக்கும் அது பாடமாக்கப்பட்டது. பெயர் மறைக்கப்பட்டதால் தனிமனிதரின் மானம் காக்கப்பட்டது. செயல் வெளிப்படுத்தப்பட்டதால் சமுதாயம் கற்றுக் கொண்டது.

இதற்கு முன்பே நடந்த மற்றொரு நிகழ்ச்சியையும் சேர்த்துப் பாருங்கள். ஹிஜ்ரி 7-ஆம் ஆண்டில் கைபர் வெற்றி கொள்ளப்பட்ட பின், அங்குள்ள நிலங்களில் விளைச்சலைப் பங்கிட்டுக் கொள்ளும் உடன்பாட்டின் பேரில் யூதர்களே தொடர்ந்து பயிரிட்டு வந்தனர். மரத்திலுள்ள பேரீச்சம் பழங்களை மதிப்பிட்டு வர அப்துல்லாஹ் பின் ரவாஹா (ரலி) அவர்களை நபியவர்கள் அனுப்பினார்கள். அவ்வூரார் தம் பெண்களின் நகைகளைத் திரட்டிக் கொண்டு வந்து, இதை வைத்துக் கொண்டு மதிப்பீட்டில் எங்களுக்குச் சலுகை காட்டும் என்றனர். நீங்கள் நீட்டுவது லஞ்சம், அது ஹராம், நாங்கள் அதை உண்பதில்லை என்று அவர் மறுத்து விட்டார். இத்தகைய நீதியால்தான் வானமும் பூமியும் நிலைத்திருக்கின்றன என்ற பொருளில் அவர்களே வியந்து கூறியதாக இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தா நூலில் காண்கிறோம்.

கைபரின் அந்தத் தோப்பில் இப்னு ரவாஹா (ரலி) அவர்களைக் கண்காணிக்க யாரும் இல்லை. மதிப்பீட்டைக் கொஞ்சம் குறைத்து எழுதியிருந்தால் மதீனாவில் யாருக்கும் தெரிந்திராது. அவருடைய கையை அங்கே தடுத்தது எது? அகபாவில் உறுதிமொழி அளித்த நாள் முதல் நபியவர்களிடம் அவர் பெற்ற பயிற்சிதான். இப்னுல் லுத்பிய்யாவைச் சட்டம் திருத்தியது. இப்னு ரவாஹாவைக் கல்வி காத்தது. ஒரே மதீனாவில், ஒரே தலைவரின் கீழ் இவ்விரண்டுமே தேவைப்பட்டன.

ஆளுநருடன் ஆசிரியரும் சென்றார்

இரண்டாம் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் காலத்தில் (ஹிஜ்ரி 13–23, கி.பி. 634–644) இஸ்லாமிய ஆட்சி இராக், சிரியா, எகிப்து என்று விரிந்தது. செல்வம் வெள்ளமாய் வந்தது. செல்வம் வந்த இடத்தில் சோதனையும் வரும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். ஒருவரை ஆளுநராக நியமிக்கும்போது அவருடைய சொத்துகளை எழுதி வைத்துக் கொள்வார்கள். பதவிக் காலத்தில் சொத்து அளவுக்கு மீறி வளர்ந்திருந்தால், அதில் பாதியைப் பைத்துல்மாலில் சேர்த்து விடுவார்கள். குற்றம் நிரூபணமானதால் எடுத்த நடவடிக்கையன்று அது. பதவியின் நிழலில் வளர்ந்த செல்வம் சந்தேகத்திற்கு இடமளிக்கக் கூடாது என்பதால் எடுத்த முன்னெச்சரிக்கை. ஆளுநர்கள் மீது வரும் புகார்களை நேரில் சென்று விசாரிக்க முஹம்மது பின் மஸ்லமா (ரலி) என்ற நபித்தோழர் அனுப்பப்பட்டு வந்தார். ஆண்டுதோறும் ஹஜ் காலத்தில் ஆளுநர்கள் வரவழைக்கப்பட்டு, மக்கள் முன்னிலையிலேயே அவர்கள் மீதான குறைகள் கேட்கப்பட்டன.

இவை சட்டத்தின் பக்கம். கல்வியின் பக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை. கூஃபா நகருக்கு அம்மார் பின் யாஸிர் (ரலி) அவர்களை ஆளுநராக அனுப்பியபோது, அப்துல்லாஹ் பின் மஸ்ஊத் (ரலி) அவர்களையும் ஆசிரியராகவும் ஆலோசகராகவும் உடன் அனுப்பினார்கள். அந்நகரின் பைத்துல்மால் பொறுப்பையும் அவரிடமே ஒப்படைத்தார்கள். குர்ஆனைக் கற்பிப்பவர் கையில் கஜானாவின் சாவி! சிரியா மக்களுக்கு மார்க்கம் கற்பிக்க முஆத் பின் ஜபல், உபாதா பின் ஸாமித், அபுத்தர்தா (ரலியல்லாஹு அன்ஹும்) ஆகிய மூவர் அனுப்பப்பட்டனர். உங்களை அடிக்கவோ உங்கள் பொருளைப் பறிக்கவோ நான் ஆளுநர்களை அனுப்பவில்லை, உங்கள் மார்க்கத்தை உங்களுக்குக் கற்பிக்கவே அனுப்புகிறேன் என்ற கருத்தில் கலீஃபா அவர்கள் மக்கள் முன் உரையாற்றியதும் பதிவாகியுள்ளது.

மதீனாவில் வளர்ந்த சிறுவர்

அன்பர்களே! உமர் (ரலி) அவர்களின் மறைவுக்குப் பின் முக்கால் நூற்றாண்டு கடந்தது. உமய்யா ஆட்சியில் நாடு மேலும் விரிந்தது. ஆனால் பழைய கணக்கு முறை தளர்ந்தது. அரச குடும்பத்தார் பொது நிலங்களைத் தமதாக்கிக் கொண்டனர். அதிகாரிகள் புதிய புதிய பெயர்களில் மக்களிடம் வசூலித்தனர். அந்தச் சூழலில்தான் அதே அரச குடும்பத்திலிருந்து உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் தோன்றினார்கள். தாய்வழியில் அவர்கள் உமர் (ரலி) அவர்களின் பேத்தியுடைய மகன்.

அவர்களுடைய தந்தை அப்துல் அஸீஸ் எகிப்தின் ஆளுநர். மகனை அரண்மனையில் வைத்துக் கொள்ளாமல், கல்விக்காக மதீனாவுக்கு அனுப்பினார். அங்கே ஸாலிஹ் பின் கைஸான் (ரஹ்) என்ற அறிஞர் ஆசிரியராக இருந்தார். ஒரு நாள் சிறுவர் தொழுகைக்குத் தாமதமாக வந்தார். காரணம் கேட்டபோது, தலை வாரி விடும் பெண் தாமதம் செய்து விட்டாள் என்றார். தலைமுடி அலங்காரம் தொழுகையை விடவும் உனக்குப் பெரிதாகி விட்டதா என்று கண்டித்த ஆசிரியர், அதை அப்படியே எகிப்துக்கு எழுதி அனுப்பினார். தந்தை என்ன செய்தார்? ஆளுநரின் மகனையே கண்டிப்பதா என்று கோபிக்கவில்லை. ஆள் அனுப்பி, முதலில் மகனின் தலைமுடியை மழிக்கச் செய்தார்.

பெற்றோர்களே! இதைச் சற்று நிதானமாகச் சிந்தியுங்கள். ஆசிரியர் கண்டித்தால் பள்ளிக்கூடத்திற்கே சண்டைக்குச் செல்லும் பெற்றோர் நிறைந்த காலம் இது. பிற்காலத்தில் ஒரு பேரரசையே திருத்திய மனிதர், தமது சிறு வயதில் தந்தையின் பதவி தமக்கு எந்தச் சலுகையும் பெற்றுத் தராது என்ற பாடத்தைத்தான் முதலில் கற்றார்.

ஹிஜ்ரி 87-இல் அவர்களே மதீனாவின் ஆளுநராக வந்தபோது, உர்வா பின் ஸுபைர், காஸிம் பின் முஹம்மது, ஸாலிம் பின் அப்துல்லாஹ் போன்ற பத்து மார்க்க அறிஞர்களை அழைத்தார்கள். உங்கள் ஆலோசனையின்றி எதையும் முடிவு செய்ய மாட்டேன், என் அதிகாரிகளில் யாரேனும் அநீதி இழைத்ததாக நீங்கள் கேள்விப்பட்டால் அல்லாஹ்வுக்காக அதை என்னிடம் தெரிவித்து விடுங்கள் என்று கேட்டுக் கொண்டார்கள். கற்பிக்கும் அறிஞர்களையே கண்காணிக்கும் குழுவாகவும் ஆக்கிக் கொண்டார்கள்.

இரண்டரை ஆண்டின் சட்டங்கள்

ஹிஜ்ரி 99-இல் (கி.பி. 717) அவர்கள் கலீஃபாவானார்கள். சீர்திருத்தத்தைத் தம் வீட்டிலிருந்தே தொடங்கினார்கள். தமக்கு வந்து சேர்ந்திருந்த நிலங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவர்களின் மனைவி ஃபாத்திமா, கலீஃபா அப்துல் மலிக்கின் மகள். தந்தை அளித்த விலைமதிப்பற்ற நகைகள் அவரிடம் இருந்தன. அவற்றைப் பைத்துல்மாலில் சேர்ப்பதா, அல்லது என்னை விட்டுப் பிரிவதா என்று கணவர் கேட்டபோது, அந்த அம்மையார் நகைகளைக் கொடுத்து விட்டார். பிறகுதான் உறவினர்கள் பறித்து வைத்திருந்தவற்றின் பக்கம் கலீஃபாவின் பார்வை திரும்பியது. தன் வீட்டில் தொடங்காத சட்டம் தெருவில் செல்லாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

அடுத்து அதிகாரிகள். கூஃபாவின் ஆளுநர் அப்துல் ஹமீதுக்கு எழுதிய கடிதத்தில், மக்களிடம் வசூலிக்கக் கூடாதவை இவையென்று ஒவ்வொன்றாகக் குறிப்பிட்டார்கள். நவ்ரோஸ், மிஹ்ரஜான் பண்டிகை அன்பளிப்புகள் கூடாது. ஏடுகளுக்கு விலை வாங்கக் கூடாது. தூதர்களுக்கான கூலி கூடாது. திருமணத்திற்குப் பணம் வாங்கக் கூடாது. இந்தப் பட்டியலைப் படிக்கும்போது, ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய கடிதம் என்றே தோன்றுவதில்லை. தீபாவளி இனாம், விண்ணப்பத்தாள் செலவு, கடிதம் கொண்டு வந்தவருக்கான டீச்செலவு என்று பெயர் மாறியிருக்கிறதே தவிர, வசூல் மாறவில்லை.

இஸ்லாத்தை ஏற்றவர்களிடமிருந்தும் ஜிஸ்யா வரியை விடாமல் வசூலித்து வந்த வழக்கத்தை நிறுத்தினார்கள். வருமானம் குறைகிறதே என்று எகிப்திலிருந்து வரி அதிகாரி எழுதியபோது, அல்லாஹ் முஹம்மது (ஸல்) அவர்களை நேர்வழிக்கு அழைப்பவராகவே அனுப்பினான், வரி வசூலிப்பவராக அனுப்பவில்லை என்ற கருத்தில் பதில் சென்றது. ஆளுநர்கள் பதவியில் இருந்துகொண்டு வணிகம் செய்வது தடை செய்யப்பட்டது. அதே வேளையில், வயிற்றுக்காக யாரும் கை நீட்ட நேரக் கூடாது என்பதற்காக அதிகாரிகளுக்குத் தாராளமாக ஊதியமும் வழங்கப்பட்டது.

குராஸான் ஆளுநராயிருந்த யஸீத் பின் முஹல்லப் செல்வாக்கு மிக்கவர். ஜுர்ஜான் போர் வெற்றியில் பைத்துல்மாலுக்குச் சேர வேண்டிய பெருந்தொகை தம்மிடம் இருப்பதாக முந்தைய கலீஃபாவுக்கு அவரே கடிதம் எழுதியிருந்தார். உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அந்தக் கடிதத்தை முன்வைத்துக் கணக்குக் கேட்டார்கள். மக்கள் கேட்டு வியக்கட்டும் என்பதற்காக அவ்வாறு எழுதினேன் என்றார் அவர். இது முஸ்லிம்களின் உரிமை, இதை விட்டுக் கொடுக்க எனக்கு அதிகாரமில்லை என்று கூறி அவரைச் சிறையில் அடைத்தார்கள். ஏழை எழுத்தரைப் பிடித்துவிட்டுப் பெரிய மனிதரை விட்டு விடும் சட்டமாக அது இருக்கவில்லை.

அநீதி நடப்பதைத் தெரிவிக்க வருபவருக்குப் பயணத்தின் தூரத்திற்கேற்ப 100 முதல் 300 தீனார் வரை வழங்கப்படும் என்ற அறிவிப்பும் ஹஜ்ஜுக்கு வந்தோர் முன் வாசிக்கப்பட்டது. புகார் செய்பவன் அலைக்கழிக்கப்படக் கூடாது, அவனுடைய செலவைக் கூட அரசே ஏற்க வேண்டும் என்ற எண்ணம் எத்துணை உயர்ந்தது!

அவர்களுடைய சொந்த வாழ்வோ சட்டத்தையும் மிஞ்சியது. ஒரு முறை ஆப்பிள் பழங்கள் அன்பளிப்பாக வந்தன. பழம் உண்ண ஆசை இருந்தும் முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். நபியவர்கள் அன்பளிப்பை ஏற்றார்களே என்று உடனிருந்தவர் கேட்டார். அவர்களுக்கு அது அன்பளிப்பாக இருந்தது, நமக்கோ அது லஞ்சமாக இருக்கிறது என்ற பொருளில் பதிலளித்தார்கள்.

அதே இரண்டரை ஆண்டின் பாடங்கள்

சகோதரர்களே! இவற்றோடு நிறுத்தியிருந்தால் அவர்கள் நல்ல நிர்வாகி என்று மட்டும் பெயர் பெற்றிருப்பார்கள். ஆட்சியின் அதே நாட்களில் கல்விக்காக அவர்கள் செய்தவற்றைப் பாருங்கள்.

மதீனாவின் அபூபக்ர் பின் ஹஸ்ம் (ரஹ்) அவர்களுக்குக் கடிதம் எழுதி, அறிஞர்கள் மறைந்து கல்வி அழிந்து விடுமோ என அஞ்சுகிறேன், நபிமொழிகளைத் தேடி எழுதி வையுங்கள் என்று பணித்தார்கள். இமாம் ஸுஹ்ரீ (ரஹ்) அவர்களிடமும் இப்பணி ஒப்படைக்கப்பட்டது. பாலைவனக் கிராமத்து மக்களுக்குக் கற்பிக்க யஸீத் பின் அபீ மாலிக், ஹாரிஸ் பின் யும்ஜித் ஆகிய இருவரை ஊதியத்துடன் அனுப்பினார்கள். யஸீத் ஊதியத்தைப் பெற்றுக் கொண்டார். ஹாரிஸ் மறுத்து விட்டார். செய்தி அறிந்த கலீஃபா, யஸீத் செய்ததில் குறையேதும் இல்லை, ஹாரிஸைப் போன்றோரை அல்லாஹ் நம்மில் அதிகமாக்குவானாக என்று எழுதினார்கள். ஆப்பிரிக்காவின் வடபகுதிக்குத் தாபியீன்களில் பத்து அறிஞர்கள் அனுப்பப்பட்டனர். மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பைத்துல்மாலிலிருந்து உதவி வழங்கப்பட்டது.

ஒரு நாள் அவர்களுடைய மகன் அப்துல் மலிக், தீமைகளையெல்லாம் உடனே ஒழித்து விடாமல் ஏன் பொறுத்திருக்கிறீர்கள் என்று தந்தையிடம் கேட்டார். இளைஞருக்கே உரிய துடிப்பு அது. அவசரப்படாதே மகனே என்றார்கள் தந்தை. அல்லாஹ் குர்ஆனில் மதுவை இரண்டு முறை குறைகூறிய பின்பு மூன்றாம் முறைதான் முற்றிலும் தடை செய்தான், சத்தியத்தை ஒரேயடியாக மக்கள் மீது சுமத்தினால் அவர்கள் அதை ஒரேயடியாக உதறி விடுவார்களோ என அஞ்சுகிறேன் என்று விளக்கினார்கள். சட்டம் வேரூன்ற நிலம் பண்பட வேண்டும்; நிலத்தைப் பண்படுத்துவது கல்வி.

எது அழிந்தது? எது நிலைத்தது?

ஹிஜ்ரி 101-ஆம் ஆண்டு ரஜப் மாதத்தில் (கி.பி. 720) ஏறத்தாழ நாற்பது வயதில் அவர்கள் மறைந்தார்கள். அடுத்து ஆட்சிக்கு வந்த யஸீத் பின் அப்துல் மலிக் காலத்தில் அவர்களுடைய சீர்திருத்தங்கள் பலவும் கைவிடப்பட்டன. ஒரு கடிதத்தால் வந்த சட்டம் மற்றொரு கடிதத்தால் போய்விட்டது. சட்டத்தின் பலவீனம் இதுதான். அது நாற்காலியில் அமர்ந்திருப்பவரைப் பொறுத்தது.

ஆனால் அவர்கள் கற்பித்தது போகவில்லை. இமாம் ஸுஹ்ரீ (ரஹ்) அவர்களின் மாணவர்தான் இமாம் மாலிக் (ரஹ்). முன்பு நாம் கண்ட இப்னுல் லுத்பிய்யாவின் நிகழ்ச்சி புகாரியில் எந்த வழியாக வந்துள்ளது தெரியுமா? அபூஹுமைத் அஸ்ஸாயிதீ (ரலி) அவர்களிடமிருந்து உர்வா பின் ஸுபைர் (ரஹ்) அவர்களும், அவரிடமிருந்து ஸுஹ்ரீ (ரஹ்) அவர்களும் அறிவித்த வழியாக வந்துள்ளது. உர்வா, உமர் பின் அப்துல் அஸீஸ் மதீனாவில் அமைத்த பதின்மர் குழுவில் ஒருவர். ஸுஹ்ரீ, நபிமொழிகளைத் திரட்டும் பணியை அவர்களிடம் ஏற்றவர். அதிகாரிகள் வாங்கும் அன்பளிப்பைக் கண்டித்த நபிமொழியை நம் கைவரை கொண்டு வந்து சேர்த்தவர்கள், அந்தக் கலீஃபா மதித்துப் போற்றிய அதே அறிஞர்கள்.

மற்றொன்றும் நிலைத்தது. அக்காலத்தில் ஜும்ஆ மிம்பர்களில் அலீ (ரலி) அவர்களை ஏசும் கொடிய வழக்கம் இருந்தது. அதை நிறுத்தி, அந்த இடத்தில் நஹ்ல் அத்தியாயத்தின் 90-ஆம் வசனத்தை ஓதச் செய்தார்கள். நீதியையும் நன்மை செய்வதையும் உறவினருக்கு வழங்குவதையும் ஏவி, மானக்கேடானவற்றையும் தீமையையும் வரம்பு மீறுதலையும் தடுக்கும் வசனம் அது. இன்றும் வாரந்தோறும் குத்பாவின் நிறைவில் நாம் செவியேற்பது அந்த வசனத்தைத்தான். வரிச்சட்டங்கள் மறைந்தன, ஆட்சியும் மறைந்தது. ஆனால் டமாஸ்கஸில் அவர்கள் எழுதிய ஆணை நம் ஊர்ப் பள்ளிவாசலின் மிம்பரில் இன்றும் உயிரோடு இருக்கிறது.

அப்படியானால் கல்வி மட்டும் போதுமே என்று எண்ணி விடாதீர்கள். அவர்களுக்கு முன்பும் மதீனா நிறைய அறிஞர்கள் இருந்தார்கள், பாடங்கள் நடந்தன. ஆயினும் பறிக்கப்பட்ட நிலங்கள் பாடத்தால் மட்டும் திரும்பி வரவில்லை. அதிகாரத்தில் இருந்த ஒருவர் சட்டத்தைக் கையில் எடுத்தபோதுதான் ஏழையின் நிலம் ஏழைக்குக் கிடைத்தது. சட்டம் இன்றைய அநீதியை நிறுத்துகிறது. கல்வி நாளைய அநீதியை நிறுத்துகிறது.

நம் நாட்டுச் சட்டமும் நம் கடமையும்

நம் நாட்டில் சட்டத்திற்குப் பஞ்சமில்லை. 1947-இலேயே ஊழல் தடுப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 1988-இல் விரிவான சட்டம் இயற்றப்பட்டது. தமிழ்நாட்டில் 1964 முதல் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறை இயங்கி வருகிறது. 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது; ஒரு சாதாரணக் குடிமகனும் அரசு அலுவலகத்திடம் கணக்குக் கேட்கலாம் என்ற நிலை பிறந்தது. 2018-இல் 1988-ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்பட்டு, லஞ்சம் வாங்கும் பொது ஊழியருக்குக் குறைந்தது 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை என்பதோடு, கொடுப்பவருக்கும் 7 ஆண்டு வரை சிறை விதிக்கலாம் என்று நேரடியாகவே குற்றமாக்கப்பட்டது. கட்டாயப்படுத்தப்பட்டதால் கொடுக்க நேர்ந்தவர் 7 நாட்களுக்குள் காவல் அல்லது விசாரணை அமைப்பிடம் தெரிவித்தால் அவர் மீது குற்றமில்லை.

இந்தப் பிரிவைப் படிக்கும் எந்த ஆலிமுக்கும் ஃபிக்ஹுப் பாடம் நினைவுக்கு வரும். லஞ்சம் கொடுப்பவர், வாங்குபவர் இருவரையுமே நபி (ஸல்) அவர்கள் சபித்ததாக அபூதாவூத், திர்மிதீ நூல்களில் உள்ளது. தனக்கு உரிமையானதைப் பெறவோ, தன் மீதான அநியாயத்தைத் தடுக்கவோ வேறு வழியே இல்லாத நிலையில் கொடுக்க நேர்ந்தால், பாவம் வாங்கியவர் மீதே சாரும் என்று மார்க்க அறிஞர்கள் பலர் விளக்கியுள்ளனர். ஆனால் இந்தச் சலுகையை நாம் எந்த அளவுக்கு விரித்து விட்டோம்! வரிசையில் நிற்கச் சோம்பல். அதற்குப் பெயர் கட்டாயம். தகுதியில்லாத மகனுக்கு வேலை வேண்டும். அதற்குப் பெயர் கட்டாயம். சர்வேயில் அண்டை வீட்டாரின் இரண்டு அடி நிலம் நம் பக்கம் வரவேண்டும். அதற்கும் பெயர் கட்டாயம். பிறர் பொருளை அநியாயமாக உண்ணவும், அதற்காக அதிகாரிகளை நாடவும் கூடாது என்று பகரா அத்தியாயத்தின் 188-ஆம் வசனம் தடுத்திருப்பது வாங்குபவரை மட்டுமன்று. கொண்டு போய்க் கொடுப்பவரையும் சேர்த்தே தடுக்கிறது.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளைக்கு முதல் மதரஸா உங்கள் வீடுதான். காலையில் மக்தபில் உஸ்தாது ஹராம், ஹலால் பாடம் நடத்துகிறார். மாலையில் தந்தை வந்து, இன்று ஐந்நூறு கொடுத்தேன், ஒரே நாளில் வேலை முடிந்தது என்று பெருமையாகச் சொல்கிறார். இரண்டில் எந்தப் பாடம் பிள்ளையின் மனத்தில் பதியும்? அதே பிள்ளை நாளை அரசுப் பணியில் அமரும்போது யாரைப் பின்பற்றும்? பணம் கேட்கப்பட்டபோது மறுத்து, பத்து நாள் அலைந்து, எழுத்து மூலம் விண்ணப்பித்து, ரசீது வாங்கி, முறைப்படி வேலையை முடித்துக் கொண்டு வரும் தந்தையின் களைத்த முகம் ஆயிரம் பயான்களை விட வலிமையான பாடம். அந்த அலைச்சலுக்கு அல்லாஹ்விடம் கூலி உண்டு.

மனைவியரே! ஃபாத்திமா அம்மையார் நகைப் பெட்டியை மூடிக் கொடுத்திராவிட்டால் உமர் பின் அப்துல் அஸீஸ் அவர்களின் சீர்திருத்தம் வாசலிலேயே தடுக்கி விழுந்திருக்கும். கணவரின் சம்பளம் எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரியும். அதற்கு மேல் வீட்டுக்கு வரும் ஒவ்வொரு பொருளைப் பற்றியும், இது எங்கிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். உங்கள் கேள்வி, எந்தச் சோதனை அதிகாரியின் கேள்வியை விடவும் வீரியமானது.

ஜமாஅத் நிர்வாகிகளே! பிறரிடம் கணக்குக் கேட்கும் சமுதாயம் தன் கணக்கை முதலில் திறந்து வைக்க வேண்டும். பள்ளிவாசல் உண்டியல், சந்தா, வக்ஃப் கடை வாடகை, ரமலானில் திரண்ட ஜகாத், ஃபித்ரா ஆகிய அனைத்தின் வரவு செலவும் அறிவிப்புப் பலகையில் எழுதப்படட்டும். வக்ஃப் சொத்தைத் தம் உறவினருக்குக் குறைந்த வாடகைக்கு விட்டு வைத்திருப்பவர், இப்னுல் லுத்பிய்யாவிடம் கேட்கப்பட்ட கேள்வியைத் தம்மிடமே கேட்டுக் கொள்ளட்டும். நிர்வாகி என்ற பதவி இல்லாதிருந்தால் இந்தச் சலுகை தம் வீட்டுக்கு வந்திருக்குமா?

கண்ணியமானவர்களே! அடுத்த ஜும்ஆவில் இமாம் குத்பாவின் நிறைவில் அந்த நஹ்ல் வசனத்தை ஓதும்போது, தொழுகைக்கு எழுந்திருக்க நேரமாயிற்று என்பதற்கான அடையாளமாக மட்டும் அதைக் கருதி விடாதீர்கள். தம் வீட்டு நகையிலிருந்து நீதியைத் தொடங்கிய ஒருவர் இந்தச் சமுதாயத்திற்கு விட்டுச் சென்ற பாடம் அது. அதன் பொருளை உங்கள் பிள்ளைகளுக்கு வீட்டில் ஒரு முறை சொல்லிக் கொடுங்கள்.

யா அல்லாஹ்! ஹலாலான சம்பாத்தியத்தைக் கொண்டு எங்களைத் தன்னிறைவு பெற்றவர்களாக ஆக்குவாயாக! வாங்கும் இழிவிலிருந்தும் கொடுக்கும் இழிவிலிருந்தும் எங்கள் கைகளைக் காப்பாயாக! எங்கள் பிள்ளைகளை, யாரும் பார்க்காத இடத்திலும் உன்னை அஞ்சி நடப்பவர்களாக வளர்க்க எங்களுக்குத் தவ்ஃபீக் செய்வாயாக! எங்கள் நாட்டில் நீதி செலுத்துவோருக்குத் துணை நிற்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.